குரல் எங்கே போயிற்று? விக்டோரிய நாவல்களின் தொலைக்காட்சித் தொடர்களை மதிப்பிடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டிக்கன்ஸின் நாவலையோ ஜார்ஜ் எலியட்டின் நாவலையோ படித்து முடித்த கையோடு அதன் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க உட்காரும் ஒருவர், பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்திலேயே கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறார். இந்தப் பாத்திரத்தை ஏன் காணோம், அந்த உரையாடலை ஏன் விட்டுவிட்டார்கள், கதாநாயகி நாவலில் இவ்வளவு அழகில்லையே என்று மனம் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்தேன். எண்ணூறு பக்க நாவலை எட்டு மணி நேரத்தில் சொல்ல முற்படும் எவரும் பெரும்பகுதியை விட்டே ஆக வேண்டும். விட்டதைப் பட்டியலிடுவது கணக்குப்பிள்ளையின் வேலை. அதை மதிப்பீடு என்று சொல்ல முடியாது.

விக்டோரிய நாவலின் உயிர் அதன் நிகழ்ச்சிகளில் இருப்பதைக் காட்டிலும், அந்த நிகழ்ச்சிகளை நமக்குச் சொல்லும் குரலிலேயே மிகுதியாக இருக்கிறது. அந்தக் குரல் நம்மோடு பேசுகிறது, பாத்திரங்களைக் கண்டிக்கிறது, அவர்களுக்காகப் பரிந்துரைக்கிறது, சில இடங்களில் அரசாங்கத்தையே கூண்டில் ஏற்றுகிறது. தொலைக்காட்சியில் அந்தக் குரலுக்கு இயல்பான இடம் கிடையாது. ஆகவே நாவலில் கதை சொன்ன குரல் தொடரில் எங்கே போயிற்று, அதன் இடத்தில் என்ன வந்து அமர்ந்திருக்கிறது என்பதுதான் மதிப்பிட வருபவர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி. கீழே உள்ள படிகள் யாவும் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகளே.

முதல் படி: ஒரு நாவலையும் அதன் இரண்டு தொடர்களையும் தேர்ந்தெடுங்கள்

விக்டோரியா அரசி ஆட்சி செய்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் வெளிவந்தவற்றையே விக்டோரிய நாவல்கள் என்கிறோம். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் அந்த அரசி பட்டமேறுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்துவிட்டவை. நீண்ட பாவாடையும் குதிரை வண்டியும் இருப்பதால் அவற்றையும் இந்த வரிசையில் வைத்துப் பேசுவது குழப்பத்தையே தரும். எழுதப்பட்ட காலமும் கதை நடக்கும் காலமும் வேறுவேறாக இருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1871-72இல் வெளிவந்தது. அதன் கதையோ 1832ஆம் ஆண்டின் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டிய நாட்களில் நடக்கிறது. ஆசிரியர் நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் பார்த்து எழுதுகிறார் என்ற அந்த இடைவெளியே நாவலின் தொனியைத் தீர்மானிக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்'. நாவல் பெரியது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முற்றிலும் மாறுபட்ட இரண்டு பி.பி.சி. தொடர்கள் இருக்கின்றன. 1985இல் ஆர்தர் ஹாப்கிராஃப்ட் எழுதிய தொடர் 8 அத்தியாயங்கள் கொண்டது; 2005இல் ஆண்ட்ரூ டேவிஸ் எழுதியது 15 அத்தியாயங்கள் கொண்டது. ஒரே கதையை இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு எழுத்தாளர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்கும்போது, தழுவல் என்பது ஒவ்வோர் அடியிலும் ஒரு தேர்வு என்பது தானாகவே விளங்கிவிடும். இவ்வளவு பெரிய நாவலுக்கு நேரமில்லை என்பவர் எலிசபெத் காஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்' நாவலையும், சாண்டி வெல்ச் எழுதிய 2004ஆம் ஆண்டின் நான்கு அத்தியாயத் தொடரையும் எடுத்துக்கொள்ளலாம். சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவலுக்கோ 1973, 1983, 2006 ஆகிய ஆண்டுகளின் மூன்று பி.பி.சி. தொடர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடியும்.

நாவலை முழுதாகப் படித்துவிட்டுப் பார்ப்பதே நல்லது. அது முடியாவிட்டால் முதல் ஐந்து அத்தியாயங்களையும், நடுவில் ஓர் அத்தியாயத்தையும், கடைசி இரண்டையுமாவது படித்துவிடுங்கள். குரலை அடையாளம் காண அது போதும். நாவலையே தொடாதவரும் தொடரைத் தொடராக மதிப்பிடலாம், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. சொல்லப்போனால், படித்தவருக்கு மட்டும் புரியும்படி எடுக்கப்பட்ட தொடர் தோற்றுப்போன தொடர்தான்.

இரண்டாம் படி: நாவல் முதலில் எந்த வடிவில் வாசகர் கைக்கு வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'பிளீக் ஹவுஸ்' 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதத் தவணைகளாக வெளிவந்தது. ஒவ்வொரு தவணையிலும் 32 பக்கங்களும் இரண்டு ஓவியங்களும் இருக்கும். விலை ஒரு ஷில்லிங். கடைசி மாதத்தில் இரண்டு தவணைகளைச் சேர்த்து ஒன்றாக விற்றார்கள். டிக்கன்ஸ் ஒரு மாதத்துக்கு உரியதை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மாதத்துக்கு உரியதை எழுதினார். வார இதழில் தொடர்கதைக்காகக் காத்திருந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தியாயம் ஏன் அந்த இடத்தில் அறுந்து நிற்கிறது, நான்கு மாதங்களாகக் காணாமல் போன பாத்திரம் திரும்பி வரும்போது ஏன் அதே பழைய வாய்ச்சொல்லோடு வருகிறது என்பதெல்லாம் தவணையின் தேவைகள். வாசகர் மறந்துவிடாமல் இருக்கவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அடையாளத்தைக் கட்டிவிடுகிறார் டிக்கன்ஸ்.

இதைத் தெரிந்துகொண்டு 2005ஆம் ஆண்டுத் தொடரைப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை ஒரு மணி நேரமாகவும் மற்றவற்றை அரைமணி நேரமாகவும் எடுத்து, பி.பி.சி.யின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நெடுந்தொடர் முடிந்ததும் அதே பார்வையாளர்களுக்கு வாரம் இருமுறை ஒளிபரப்பினார்கள். செவ்விலக்கியத்தை நெடுந்தொடரின் நிலைக்கு இறக்கிவிட்டார்கள் என்று அன்று வருந்தியவர்கள் உண்டு. என் பார்வையில் அது நாவலை அதன் பிறந்த வீட்டுக்குத் திரும்ப அழைத்துச் சென்ற செயல். குரூக் என்னும் பழம்பொருள் வணிகர் தானாகத் தீப்பற்றிச் சாம்பலாகிப் போனதை வெளிப்படுத்திவிட்டு 1852 டிசம்பர் தவணையை டிக்கன்ஸ் முடித்தார். வாசகர்கள் ஒரு மாதம் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பின் சுவையை ஓரளவேனும் மீட்டுத் தரும் வடிவம் அரைமணி அத்தியாயம்தான்.

நீங்கள் பார்க்கும் பதிப்பு எது என்பதையும் கவனியுங்கள். வெளிநாட்டு ஒளிபரப்புகளில் அரைமணி அத்தியாயங்களை ஒட்டி ஒரு மணி நேரமாக்குவது உண்டு. அப்படி ஒட்டினால் பரபரப்பாக அறுந்து நிற்க வேண்டிய இடம் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும்; தொடரின் தாளம் கெட்டுவிட்டது என்று எழுத்தாளரைக் குறை சொல்லிவிடுவோம்.

மூன்றாம் படி: நாவலின் குரலைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். நாவலிலிருந்து ஏதேனும் மூன்று பக்கங்களை எடுத்துக்கொண்டு, இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எவ்வளவு தெரிந்துகொண்டு சொல்கிறார், சொல்லும்போது அவர் மனநிலை என்ன என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

'பிளீக் ஹவுஸ்' நாவலின் 67 அத்தியாயங்களில் 33 அத்தியாயங்களை எஸ்தர் சம்மர்சன் என்ற இளம்பெண் தானே கடந்த காலத்தில் சொல்கிறாள். மீதி 34 அத்தியாயங்களைப் பெயரில்லாத ஒரு குரல் நிகழ்காலத்தில் சொல்கிறது. எஸ்தரின் குரல் அடக்கமானது, தன்னைப் பிறர் புகழ்ந்ததைச் சொல்வதற்கே கூசுவது. மற்றக் குரல் லண்டன் முழுவதையும் மேலிருந்து பார்ப்பது, மூடுபனியையும் நீதிமன்றத்தையும் ஒரே மூச்சில் இணைத்துப் பேசுவது, கோபம் மிகுந்தது. இந்த இரண்டு குரல்களும் ஒன்றையொன்று அறியாமல் மாறி மாறி வருவதால்தான், ஜார்ண்டிஸ் வழக்கு என்னும் முடிவில்லாத சொத்து வழக்கு ஒரு நாட்டின் நோயாகவும் ஒரு பெண்ணின் வாழ்க்கையாகவும் ஒரே நேரத்தில் நமக்குத் தெரிகிறது.

டேவிஸின் தொடரில் பின்னணிக் குரல் இல்லை. அப்படியானால் மேலிருந்து பார்க்கும் அந்தக் கோபக் குரல் எங்கே போயிற்று? தொடரைக் கூர்ந்து பார்த்தால் அதன் ஒரு பகுதி கேமராவிடமும் படத்தொகுப்பிடமும் போய்ச் சேர்ந்திருப்பது தெரியும். ஒரு காட்சியிலிருந்து மற்றொரு காட்சிக்கு மாறும்போது கேமரா ஓர் இரைச்சலோடு பாய்ந்து கட்டடங்களையும் முகங்களையும் நெருங்குகிறது. பலருக்கு அது எரிச்சலைத் தந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் வெவ்வேறு வீடுகளில் வாழும் மனிதர்களை ஒரே வலையில் முடிச்சுப் போடும் வேலையை, அதாவது நாவலில் அந்தப் பெயரில்லாத குரல் செய்த வேலையை, இந்தப் பாய்ச்சல் செய்ய முயல்கிறது என்று புரிந்தது. 1985ஆம் ஆண்டுத் தொடர் வேறு வழியில் போகிறது. அதில் நிதானமான காட்சிகளும் இருளும் பனியும் சேற்று நிறமுமே அந்தக் குரலின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. டிக்கன்ஸின் துயரம் அதில் முழுமையாக இருக்கிறது, வேகமும் கிண்டலும் குறைந்துவிட்டன என்பது என் கணிப்பு. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டபின் வாருங்கள்.

'மிடில்மார்ச்' இன்னும் கடினமான வழக்கு. அதன் 29ஆம் அத்தியாயம் தொடங்கும்போது கதைசொல்லி கதாநாயகி டோரத்தியாவைப் பற்றிப் பேசத் தொடங்கி, சட்டென்று நிறுத்தி, எப்போதும் டோரத்தியாவைப் பற்றியே ஏன் பேச வேண்டும், இந்தத் திருமணத்தில் அவள் பார்வை ஒன்றுதானா உண்டு என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. அதுவரை வறண்ட, அன்பற்ற கிழவராக நாம் வெறுத்துவந்த அவள் கணவர் கசாபன் அந்த ஒரு திருப்பத்தில் அச்சமும் தோல்வியும் நிறைந்த மனிதராகிவிடுகிறார். நம் இரக்கத்தைக் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பும் இந்தச் செயலைக் கேமரா எப்படிச் செய்யும்? 1994ஆம் ஆண்டின் பி.பி.சி. தொடர் இந்தச் சுமையை நடிகரின் தோளில் வைத்தது. கசாபனாக நடித்த பேட்ரிக் மலஹைடின் முகத்தில், குறிப்பாக அவர் பேசாமல் இருக்கும் நேரங்களில், அந்த அச்சம் தெரிகிறது. அது பெரிய சாதனை. ஆனால் நாவலில் நாம் அவரை வெறுத்ததற்காக நாமே வெட்கப்பட வேண்டியிருந்தது. தொடரில் அவருக்காகப் பரிதாபப்படுகிறோம், அவ்வளவே. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டு சொல்லக் கற்றுக்கொள்வதே மதிப்பீட்டின் பாதி வேலை. தொடரின் முடிவில் ஜார்ஜ் எலியட்டின் குரலாக நடிகை ஜூடி டெஞ்ச் பேசுவது கேட்கிறது. ஆறு அத்தியாயங்கள் முழுவதும் அடக்கி வைத்திருந்த குரலை இறுதியில் ஒருமுறை திறந்துவிட்டதிலிருந்து, அதை எழுதியவர்களுக்கும் அந்த இழப்பு தெரிந்தே இருந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

'ஜேன் அயர்' முழுக்க முழுக்க ஜேன் தானே சொல்லும் கதை. 1973ஆம் ஆண்டுத் தொடர் அவளுடைய குரலைப் பின்னணியில் ஒலிக்கவிட்டது. 2006ஆம் ஆண்டுத் தொடர் பெரும்பாலும் ஜேனாக நடித்த ரூத் வில்சனின் முகத்தையே நம்பியது. பின்னணிக் குரல் வந்துவிட்டாலே நாவலுக்கு நேர்மையாக இருந்துவிட்டதாகப் புதியவர்கள் எண்ணுவதுண்டு. குரல் சொல்வதையே காட்சியும் காட்டுமானால் இரண்டில் ஒன்று வீண். குரல் ஒன்றைச் சொல்ல முகம் வேறொன்றைக் காட்டும்போதுதான் பின்னணிக் குரலுக்குப் பொருள் உண்டாகிறது.

நான்காம் படி: முதல் பத்து நிமிடங்களை நாவலின் முதல் அத்தியாயத்தோடு வைத்துப் பாருங்கள்

தொடக்கம்தான் தழுவலின் வாக்குமூலம். 'பிளீக் ஹவுஸ்' நாவல் சேற்றிலும் மூடுபனியிலும் தொடங்கி நீதிமன்றத்தின் நடுவில் வந்து நிற்கிறது. எஸ்தர் மூன்றாம் அத்தியாயத்தில்தான் பேசத் தொடங்குகிறாள். டேவிஸின் தொடரோ மழையில் எஸ்தர் வண்டியேறுவதிலிருந்து தொடங்குகிறது. இது ஒரு மனிதரின் கதை, நகரத்தின் கதை பிறகுதான் என்று அவர் அறிவித்துவிட்டார். 'மிடில்மார்ச்' நாவல் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் புனித தெரசாவைப் பற்றிய முன்னுரைக்குப் பின், தாயின் நகைகளை இரு சகோதரிகள் பங்கிட்டுக்கொள்ளும் காட்சியில் தொடங்கும். தொடரில் முதலில் வருபவர் லிட்கேட் என்ற இளம் மருத்துவர். ரயில் பாதை போடும் வேலை நடக்கும் நிலத்தின் வழியே அவர் ஊருக்குள் வருகிறார். மாற்றம் வந்துகொண்டிருக்கும் ஊர் என்ற செய்தியை ஒரே காட்சியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு விலையாக, டோரத்தியாவின் கண் வழியே உலகத்தைப் பார்க்கத் தொடங்கும் வாய்ப்பை இழந்தார்கள். எது கிடைத்தது, எது போயிற்று என்ற இரண்டையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

ஐந்தாம் படி: விட்டதைவிடச் சேர்த்ததைக் கவனியுங்கள்

நேரமின்மையால் ஒன்றை விட்டுவிடலாம். சேர்ப்பதற்கு நேரமின்மையைக் காரணம் சொல்ல முடியாது. அங்கே எழுத்தாளரின் எண்ணம் மறைவின்றி வெளிப்படும்.

டேவிஸ் தமது 'பிளீக் ஹவுஸ்' தொடரில் கிளாம் என்றொரு எழுத்தரை வழக்கறிஞர் டல்கிங்ஹார்னின் அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வைத்திருக்கிறார். நாவலில் அப்படி ஒருவர் இல்லை. நாவலின் டல்கிங்ஹார்ன் யாரிடமும் மனம் திறக்காதவர். அவர் எண்ணங்களைக் கதைசொல்லி ஊகித்துச் சொல்லும். கதைசொல்லி போய்விட்டபின் அவர் யாரிடமாவது பேசியாக வேண்டுமல்லவா? அதற்காகவே இந்த எழுத்தர். இது நல்ல தொழில்திறன். ஆனாலும் டல்கிங்ஹார்னாக நடித்த சார்லஸ் டான்ஸின் கல் போன்ற முகத்தைப் பார்க்கும்போது, அவர் கிளாமிடம் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் அஞ்சியிருப்போமே என்றும் தோன்றுகிறது.

'நார்த் அண்ட் சவுத்' தொடரின் முதல் அத்தியாயத்தில் கதாநாயகி மார்கரெட் பஞ்சாலைக்குள் நுழையும்போது, ஆலை முதலாளி தார்ன்டன் ஒரு தொழிலாளியைத் துரத்திப் பிடித்து அடித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் பஞ்சுக்கு நடுவில் புகைபிடித்ததுதான் காரணம். நாவலில் இந்த அடிதடி இல்லை. அங்கே இருவரும் ஒரு விடுதியின் அறையில் மிக மரியாதையாகச் சந்திக்கிறார்கள். தீப்பிடித்தால் நூற்றுக்கணக்கானோர் சாவார்கள் என்ற அவர் தரப்பு நியாயத்தையும் பின்னர் தொடர் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் காஸ்கெல் படைத்த தார்ன்டன் கையை ஓங்குபவர் அல்லர். அவருடைய கடுமை பொருளாதாரக் கொள்கையிலும் பெருமிதத்திலும் இருந்தது. கொள்கை வேறுபாட்டை உடல் வன்முறையாக மாற்றியதால் மார்கரெட்டின் வெறுப்புக்கு எளிதான காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த தொடர்களில் ஒன்று என்றாலும் இந்தச் சேர்க்கையை நான் ஏற்கவில்லை.

அதே காட்சியில் நான் முழுமனதோடு ஏற்பது காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகளை. பனி பொழிவதைப் போல அழகாக அது பறந்துகொண்டிருக்கிறது. நாவலின் 13ஆம் அத்தியாயத்தில் பெஸ்ஸி ஹிக்கின்ஸ் என்ற நோயாளிப் பெண், பஞ்சுத் துகள் நுரையீரலில் புகுந்து தொழிலாளரைக் கொல்வதையும், அதை வெளியேற்றும் சக்கரத்துக்கு ஐந்நூறு அறுநூறு பவுண்டு செலவாகும் என்பதால் பல முதலாளிகள் அதைப் பொருத்துவதில்லை என்பதையும் சொல்கிறாள். நாவல் ஓர் உரையாடலில் சொன்னதைத் தொடர் ஒரு காட்சியாக்கி, அழகும் சாவும் ஒன்றாகவே இருப்பதை உரையாடலின்றிக் காட்டிவிட்டது. குரலை இழந்த ஊடகம் தன் சொந்த மொழியில் ஈடு செய்த இடம் இது. இப்படிப்பட்ட இடங்களைத் தேடித் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எடுக்கப்பட்ட ஆண்டைப் பாருங்கள்

1970களின் தொடர்களில் உட்புறக் காட்சிகளைப் படப்பிடிப்புத் தளத்தில் பல கேமராக்களை வைத்து வீடியோவிலும், வெளிப்புறக் காட்சிகளைப் பெரும்பாலும் 16 மி.மீ. படச்சுருளிலும் எடுத்தார்கள். கதவைத் திறந்து வெளியே போனதும் படத்தின் தன்மையே மாறுவது அதனால்தான். இதைக் குறையாக எழுத வேண்டாம். விக்டோரிய நாவலாசிரியர் டிரோலப்பின் ஆறு நாவல்களை 26 அத்தியாயங்களில் சொன்ன 1974ஆம் ஆண்டின் 'தி பாலிசர்ஸ்' தொடரை இன்றைய ஒளிப்பதிவோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அந்த முறையில் நடிகர்கள் நீண்ட காட்சிகளை மேடையில் போல இடைவெட்டின்றி நடிக்க முடிந்தது; ஆகவே நடிப்பையும் உரையாடலையும் அளந்து பாருங்கள்.

ஏழாம் படி: உடையையும் வீட்டையும் அளவோடு கவனியுங்கள்

உடை வரலாற்றுப்படி சரியா என்ற கேள்வியில் புதியவர்கள் தேவைக்கு மேல் மூழ்கிவிடுகிறார்கள். வாட்டர்லூ போர்க் காலத்தில் நடக்கும் 'வேனிட்டி ஃபேர்' நாவலுக்குத் தாக்கரே தாமே ஓவியம் வரைந்தபோது, அந்தக் கால உடைகள் தமக்குப் பிடிக்காததால் பாத்திரங்களுக்குத் தமது 1840களின் உடைகளையே அணிவித்தார். ஆசிரியரே அப்படிச் செய்திருக்க, ஒரு தொப்பிக்காகத் தொடரை நிராகரிக்க வேண்டியதில்லை. இந்த உடைக்கும் வீட்டுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று தொடர் காட்டுகிறதா என்பதே பயனுள்ள கேள்வி. விக்டோரிய நாவலாசிரியர்கள் பணத்தைப் பற்றி மிகத் துல்லியமாக எழுதினார்கள். அந்தப் பணத்தின் பாதையில் நம் ஊரும் வருகிறது: 'வேனிட்டி ஃபேர்' நாவலின் 43ஆம் அத்தியாயத்தில் படை அதிகாரி டாபின் என்ற பாத்திரத்தின் படைப்பிரிவு மதராஸ் ராஜதானியின் ஒரு பாளையத்தில் இருக்கிறது. தொடர் அந்தப் பகுதியைக் காட்டினால், அங்கே வாழ்பவர்களை மனிதர்களாகக் காட்டுகிறதா, தென்னை மரங்களைப் போலப் பின்னணியில் நிறுத்திவிடுகிறதா என்று பாருங்கள்.

நடிகர் தேர்வைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன். ஜேன் அழகற்றவள் என்பதும், நோயால் எஸ்தரின் முகம் வடுப்பட்டது என்பதும் கதையின் அச்சாணிகள். நடிகை அழகாக இருப்பதில் தவறில்லை. ஆனால் தன்னை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நம்பும் ஒருத்தியாக அவர் நடந்துகொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தொடரில் அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் அப்படித்தான் நடந்துகொள்கிறார். நாவலில் வாசகர்களை அலுக்கச் செய்யும் எஸ்தரின் அடக்கம் அவரிடம் உறுதியாக மாறியிருக்கிறது.

எட்டாம் படி: முடிவை எச்சரிக்கையோடு அணுகுங்கள்

முடிவை மாற்றிவிட்டார்கள் என்று சொல்வதற்கு முன், நாவலுக்கே ஒரு முடிவுதான் உண்டா என்று பார்க்க வேண்டும். டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு எழுதிய முதல் முடிவை நண்பர் புல்வர் லிட்டனின் ஆலோசனைப்படி மாற்றினார். ஆகவே அந்த நாவலின் எந்தத் தொடருக்கும் தேர்ந்துகொள்ள இரண்டு முடிவுகள் உண்டு. காஸ்கெல் 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' நாவலை முடிக்காமலே 1865இல் இறந்துபோனார். அதை வெளியிட்டுவந்த இதழின் ஆசிரியர், கதை எப்படி முடிந்திருக்கும் என்று ஒரு குறிப்பை எழுதிச் சேர்த்தார். 1999ஆம் ஆண்டுத் தொடரின் இறுதியில் கதாநாயகி மாலி தன் கணவரோடு ஆப்பிரிக்க நிலத்தில் நடந்து செல்கிறாள். காஸ்கெல் எழுதாத காட்சிதான். ஆயினும் ஓர் அறிவியலாளரின் வேலையில் ஆர்வத்தோடு பங்குகொண்ட பெண்ணுக்கு அது பொருந்துகிறது. 'நார்த் அண்ட் சவுத்' நாவலின் இறுதிச் சந்திப்பு லண்டன் வீடொன்றின் அறையில் நடக்கிறது. தொடர் அதை வடக்கே போகும் ரயிலும் தெற்கே போகும் ரயிலும் நிற்கும் நிலையத்துக்கு மாற்றிவிட்டது. பொதுவிடத்தில் முத்தமிடுவது அக்கால வழக்கத்துக்கு ஒவ்வாது என்பார்கள், அது உண்மை. ஆனால் நாவலின் தலைப்பே இரு திசைகளாக இருக்கும்போது, அந்த இரு திசைகளும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தந்த கற்பனையை நான் மதிக்கிறேன்.

ஒன்பதாம் படி: ஒரே ஒரு காட்சியை எடுத்து எழுதுங்கள்

முழுத் தொடரைப் பற்றியும் எழுத முயன்றால் பொதுவான புகழ்ச்சியோ பொதுவான குறையோதான் வரும். ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன கேள்விகளை அதன்மேல் வைத்து, இரண்டு பக்கம் எழுதுங்கள். முதல் பயிற்சிக்கு 'பிளீக் ஹவுஸ்' நாவலின் 47ஆம் அத்தியாயம் ஏற்றது. தெருக்கூட்டும் அநாதைச் சிறுவன் ஜோ இறக்கும் அத்தியாயம் அது. மருத்துவர் உட்கோர்ட் அவனுக்கு ஒரு பிரார்த்தனையை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்கிறார். அதன் நடுவிலேயே அவன் உயிர் பிரிகிறது. அடுத்த வரியில் அந்தப் பெயரில்லாத குரல் அரசியையும் பிரபுக்களையும் பாதிரிமார்களையும் நேராக விளித்து, இவன் இறந்துவிட்டான் என்று அறிவித்து, இப்படி நம்மைச் சுற்றி ஒவ்வொரு நாளும் இறந்துகொண்டிருக்கிறார்கள் என்று முடிக்கிறது.

அந்தப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். பிறகு இரண்டு தொடர்களிலும் அதே காட்சியை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். சிறுவன் எங்கே படுத்திருக்கிறான், யார் அருகில் இருக்கிறார்கள், இறந்தபின் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் முகத்தில் நிற்கிறது, அதன்பின் எந்தக் காட்சிக்குப் போகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டுத் தொடரில் இந்த இடத்தில் எனக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது; ஆனால் நாவல் தந்த கோபம் வரவில்லை. அரசியை நோக்கித் திரும்பிய அந்தக் குரலின் வேலையை அங்கே கேமராவோ நடிப்போ ஏற்றுக்கொள்ளவில்லை என்றே என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 1985ஆம் ஆண்டுத் தொடரையும் பார்த்துவிட்டு, அதில் அந்தக் கோபம் எங்கேனும் கிடைக்கிறதா என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.